வயதான அம்மா அப்பாவுக்காகப் பழைய வீட்டை மாற்ற வேண்டும், எங்கே தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கி இங்கே வைத்துக்கொள்கிறேன். கும்பகோணம் பக்கத்தில் 1994-ல் கட்டிய வீடு. அப்பாவுக்கு 76 வயது. போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் பலம் குறைந்துபோய், வாக்கர் பிடித்து நடக்கிறார். அம்மாவுக்கு 71, இரண்டு முழங்காலிலும் வலி. நீங்கள் இருப்பது பெங்களூரில். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, பாத்ரூமை இடித்துப் புது டைல்ஸ் போட்டு, வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, வாசலில் ஒரு ராம்ப் போட்டுவிடலாம் என்று எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். இது போதுமா என்று கேட்கிறீர்கள்.

மேஸ்திரி சொன்ன மூன்றிலும் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் பார்த்தது காலியாக இருக்கும் பாத்ரூமை. அதற்குள் உங்கள் அப்பா எப்படி நுழைகிறார், எதைப் பிடிக்கிறார், எங்கே திணறுகிறார் என்று அவர் பார்த்திருக்க மாட்டார். முப்பது வருஷமாகப் பழைய வீடுகளைத் திருத்திக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். இடிக்கும் முன் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுங்கள், இரண்டு நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்து அவர்களைப் பாருங்கள். அறிவுரை எதுவும் சொல்லாதீர்கள். சொன்னால் அம்மா உடனே ஜாக்கிரதையாக நடக்க ஆரம்பித்துவிடுவார், உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும்.

முதலில் சுவர்களைப் பாருங்கள். டிஸ்டெம்பர் அடித்த சுவராக இருந்தால், இடுப்புக்குச் சற்று மேலே எண்ணெய்ப் பிசுக்காக ஒரு கறை ஓடியிருக்கும். கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் போகும் வழியில் அப்பா கை வைக்கும் இடம் அது. ஹால் திரும்பும் மூலையில், ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில், கதவு நிலையில் என்று அந்தக் கறை விட்டுவிட்டுத் தெரியும். கைப்பிடி எங்கே வைக்க வேண்டும், எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பிளான் யாராலும் போட முடியாது. வீட்டைத் திருத்துகிறோம் என்றதும் எல்லோரும் முதல் வேலையாகப் பெயின்ட் அடித்து அந்தக் கறையை அழித்துவிடுகிறார்கள். அதற்கு முன் பென்சிலால் கோடு போட்டு, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எழுந்து நிற்பதைப் பாருங்கள். வீட்டில் ஐந்தாறு நாற்காலி இருக்கும். அதில் ஒன்றில் மட்டும் அப்பா விரும்பி உட்காருவார். அது கையுள்ள பழைய மர நாற்காலியாகத்தான் இருக்கும், நீங்கள் வாங்கிக் கொடுத்த சோபாவாக இருக்காது. சோபா அமுங்கும், முழங்காலைவிட இடுப்பு தாழ்ந்துபோகும், எழ முடியாது. அந்த மர நாற்காலியில் அவர் உட்காரும் பலகை தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 18 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கட்டில் உயரம், கமோடு உயரம், குளிக்க உட்காரும் பலகையின் உயரம் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான். கடையில் கிடைக்கும் சாதாரணக் கமோடு 15, 16 அங்குலத்தில்தான் வரும். இரண்டு அங்குலம்தானே என்று உங்களுக்குத் தோன்றும். மூட்டு வலி உள்ளவருக்கு அந்த இரண்டு அங்குலத்தில்தான் தானாக எழுவதும், 'கொஞ்சம் வந்து தூக்கி விடுங்க' என்று கூப்பிடுவதும் இருக்கிறது.

மூன்றாவது, ராத்திரி. அப்பா எத்தனை தடவை எழுகிறார், லைட் போடுகிறாரா, போடாமல் தடவிக்கொண்டே போகிறாரா? பெரும்பாலும் போட மாட்டார். அம்மா தூக்கம் கலைந்துவிடும் என்பார்.

பார்ப்பது போதாது என்றால் ஒரு மணி நேரம் அப்பாவாக இருந்து பாருங்கள். அமெரிக்காவில் பாட்ரிசியா மூர் என்று ஒரு தொழில் வடிவமைப்பாளர். நியூயார்க்கில் பெரிய வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூட்டுவாதம் உள்ளவர்களும் திறக்கிற மாதிரி ஃப்ரிட்ஜ் கதவு செய்யலாமே என்று கேட்டிருக்கிறார். 'அந்த மாதிரி ஆட்களுக்காக நாம் செய்வதில்லை' என்று பதில் வந்தது. 1979-ல், 26 வயதில், அவர் எண்பது வயதுக் கிழவி வேஷம் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். முகத்தில் சுருக்கம் ஒட்டியதோடு விடவில்லை. பார்வை மங்கும்படி கண்ணாடி போட்டார், காதை அடைத்துக்கொண்டார், கை காலை மடக்க முடியாதபடி கட்டுப் போட்டுக்கொண்டார். மூன்று வருஷம் அவ்வப்போது அந்த வேஷத்திலேயே அமெரிக்கா, கனடாவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் போய், பஸ் ஏறினார், கதவு திறந்தார், கடையில் பொருள் எடுத்தார்.

உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு துண்டை எடுத்து உங்கள் இடது கையை உடம்போடு சேர்த்துக் கட்டுங்கள். பழைய மூக்குக் கண்ணாடி ஒன்றில் தேங்காய் எண்ணெய் தடவிப் போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அப்பாவின் கட்டிலிலிருந்து எழுந்து, வாக்கரைப் பிடித்து, பாத்ரூம் போய், லைட் போட்டு, உட்கார்ந்து, கழுவி, எழுந்து, வேட்டியைச் சரி செய்துகொண்டு திரும்பி வாருங்கள். வாக்கரைத் திருப்பும்போது இடிக்கும் ஒவ்வொரு இடத்தையும் மறுநாள் காலை எழுதி வைத்தால் அதுதான் உங்கள் வேலைப் பட்டியல்.

இப்போது பாத்ரூம். பணத்திலும் யோசனையிலும் பாதி இங்கேதான் போகும், போகவும் வேண்டும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள், அதில் அதிகம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள்.

கதவிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1990-களில் கட்டிய வீடுகளில் பாத்ரூமுக்கு இரண்டரை அடிக் கதவு போட்டிருப்பார்கள். இரண்டரை அடி என்பது நிலையின் வெளி அளவு. இரண்டு பக்கச் சட்டமும் திறந்து நிற்கும் கதவின் கனமும் போனால் உள்ளே கிடைப்பது இரண்டடியும் சொச்சமும். வாக்கரின் அகலமும் கிட்டத்தட்ட அதேதான். அதனால் அப்பா வாக்கரைப் பக்கவாட்டில் சாய்த்தோ, வெளியிலேயே விட்டுவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டோ நுழைவார். விழுவது அந்த இடத்தில். முடிந்தால் உள்ளளவு மூன்றடி வரும்படி அகலப்படுத்துங்கள். சுவரை வெட்டினால் கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டலை மாற்ற வேண்டும், பக்கத்தில் கான்கிரீட் தூண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது முடியாது என்றால், வெளிப்பக்கச் சுவரில் தண்டவாளம் மாட்டித் தள்ளும் கதவு போடலாம், கதவின் கனமாவது மிச்சம்.

எது எப்படியானாலும் கதவு உள்பக்கம் திறக்கக் கூடாது. உள்ளே ஒருவர் விழுந்து கதவுக்கு எதிரில் கிடந்தால் வெளியிலிருந்து தள்ளித் திறக்கவே முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து ஒரு நாணயம் வைத்துத் திருப்பித் திறக்கிற வகை வேண்டும். ஒயர் இல்லாத காலிங் பெல் ஸ்விட்ச் ஒன்றை உள்ளே சுவரில் ஒட்டுங்கள். நிற்பவர் கை உயரத்தில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். விழுந்து தரையில் கிடப்பவருக்கு எட்டினால்தானே அது பெல்? தரையிலிருந்து ஓரடிக்குள் ஒட்டுங்கள்.

அடுத்து, கேட்கச் சங்கடமான ஒரு விஷயம். அப்பாவுக்குப் பலம் குறைந்தது இடது கை. நம் ஊரில் கழுவுவது இடது கையால், சாப்பிடுவது வலது கையால். வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, சுவரில் ஹெல்த் ஃபாசெட் மாட்டி, கைப்பிடியும் போட்டுக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நாம் வந்துவிடுவோம். அவர் உள்ளே என்ன செய்வார்? ஃபாசெட்டைப் பிடிக்கவும் கழுவவும் இரண்டு கை வேண்டும், அவருக்கு இருப்பது ஒன்று. அந்த ஒன்றும் சாப்பிடுகிற கை. இப்படி ஒரு பெரியவர் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல், ராத்திரிச் சாப்பாட்டையே விட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பசியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொள்ள வந்த பையன்தான் கடைசியில் விஷயத்தைச் சொன்னான். கமோடிலேயே ஜெட் பொருத்தி, வலது பக்கம் ஒரு திருகு வைத்துக் கொடுத்தோம். திருகினால் தண்ணீர் தானே சரியான இடத்தில் படும், கை வேண்டாம். பெரிய செலவும் இல்லை, எந்த பிளம்பருக்கும் தெரியும். மேஸ்திரியின் எஸ்டிமேட்டில் இது வராது. அப்பாவும் உங்களிடம் கேட்க மாட்டார்.

கைப்பிடியும் இதே கணக்குத்தான். உட்கார்ந்த நிலையில் அவருடைய வலது கைப் பக்கம் சுவர் வர வேண்டும், அந்தச் சுவரில் கைப்பிடி வர வேண்டும். இப்போது இருக்கும் இடத்தில் கமோடு வைத்தால் சுவர் இடது பக்கம் வருகிறதா? அப்படியானால் அந்தச் சுவரில் எவ்வளவு பளபளப்பான பைப் மாட்டினாலும் அவருக்குப் பயனில்லை. கமோடைத் திருப்பி வைக்க வெளியேற்றுக் குழாயை மாற்ற வேண்டியிருக்கும், அது செலவு. இல்லையென்றால் பின்சுவரில் பொருத்தி, வலது பக்கம் கீழே இறக்கிக்கொள்ளும் மடக்குக் கைப்பிடி கிடைக்கிறது, அதைப் போடுங்கள். துண்டு போடும் கம்பியைக் கைப்பிடியாக மாட்டிவிடுவது பல வீடுகளில் நான் பார்க்கும் தப்பு. அது துண்டைத்தான் தாங்கும். ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குல விட்டமுள்ள ஸ்டீல் குழாய் வேண்டும், சுவருக்கும் அதற்கும் ஒன்றரை அங்குல இடைவெளி வேண்டும். பாத்ரூம் தடுப்புச் சுவர் நாலரை அங்குலச் சுவராக இருந்தால் வெறும் பிளாஸ்டிக் பிளக்கை நம்பாதீர்கள். சுவரைத் துளைத்து மறுபக்கம் பட்டை வைத்து போல்ட் போடச் சொல்லுங்கள். மாட்டி முடித்ததும் நீங்கள் உங்கள் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பாருங்கள். மேஸ்திரி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

குளிப்பதைப் பற்றி என் சொந்தத் தோல்வி ஒன்று உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் என் அத்தைக்கு ஒரு பாத்ரூம் கட்டிக் கொடுத்தேன். தலைக்கு மேலே ஷவர், கண்ணாடித் தடுப்பு, எல்லாம். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அத்தை கொல்லைப்புறக் குழாயடியில் பக்கெட் வைத்துக் குளித்துக்கொண்டிருந்தார். ஷவரில் நின்றால் தலை நனையும், தினம் தலைக்குக் குளிக்க முடியுமா? கண்ணாடிக்குள் பக்கெட்டும் முக்காலியும் வைக்க இடமில்லை. குளித்த கையோடு நாலு துணி அலசவும் முடியவில்லை. ஒரு தடவை அத்தையிடம் 'எப்படிக் குளிப்பீங்க' என்று கேட்டிருந்தால் அந்தச் செலவு மிச்சமாகியிருக்கும்.

உங்கள் அப்பாவும் பக்கெட்டும் மக்கும் வைத்துத்தான் குளிப்பார் என்று நினைக்கிறேன். அப்படியானால் அதற்கேற்ற மாதிரி கட்டுங்கள். பக்கெட் தரையில் இருந்தால் ஒவ்வொரு மக்குத் தண்ணீருக்கும் குனிய வேண்டும். ஓரடி உயரத்தில் சின்ன மேடை கட்டி அதன் மேல் பக்கெட் வைத்தால் போதும், குழாயும் அதற்கேற்ப மேலே வர வேண்டும். உட்காருவதற்குப் பிளாஸ்டிக் முக்காலி வேண்டாம், ஈரத் தரையில் அதன் கால் விரியும். கல்லிலோ சிமென்ட்டிலோ மேடையாகக் கட்டிவிடுங்கள், ஓரங்களை உருட்டிவிடச் சொல்லுங்கள். கீசர் தண்ணீர் கலந்து வர மிக்ஸர் குழாய் வையுங்கள். பக்கவாதம் வந்த பக்கத்தில் சூடு தெரியாமல் போகலாம், எனவே வலது கையால் தொட்டுப் பார்க்கிற இடத்தில் தண்ணீர் விழ வேண்டும்.

டைல்ஸ் கடையில் 'ஆன்டி ஸ்கிட்' என்று சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். ஆர் 9, ஆர் 10 என்று ஒரு மதிப்பீடு உண்டு, எண் கூடக்கூட வழுக்கல் குறையும். ஈரத் தரைக்கு ஆர் 11 கேளுங்கள். இன்னொன்று, ஒரு டைலைத் தரையில் போட்டு சோப்புத் தண்ணீர் ஊற்றி வெறுங்காலோடு நின்று பாருங்கள். கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அடுத்த கடை. இரண்டடிக்கு இரண்டடி பெரிய டைலைவிடச் சின்ன டைல் நல்லது, இணைப்புக் கோடுகள் அதிகம் என்பதால் காலுக்குப் பிடிப்பு கிடைக்கும், தண்ணீர் ஓடச் சரிவு வைப்பதும் சுலபம்.

நிறம் அழகுக்காக மட்டும் என்று நினைக்கிறோம். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கமோடு என்று போட்டால் கண்புரை உள்ளவருக்குக் கமோடு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. பின்சுவரை மட்டுமாவது அடர்ந்த நிறத்தில் போடுங்கள், கைப்பிடியும் சுவரிலிருந்து பிரிந்து தெரியட்டும். தரையில் கறுப்புப் பட்டை வைத்து டிசைன் போடவே வேண்டாம். வயதானவர்களின் கண்ணுக்கு அது பள்ளமாகவோ படியாகவோ தெரியும், காலைத் தூக்கி வைத்துத் தடுமாறுவார்கள்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போகிறது. நமக்குப் போதும் என்று தோன்றும் லைட் அவர்களுக்குப் போதாது. அதற்காகக் கண்ணைக் கூசும் பல்பு போடுவதும் தப்பு. கட்டிலுக்குக் கீழேயும் பாத்ரூம் போகும் வழியிலும் தரையை ஒட்டி, ஆள் அசைந்தால் எரிகிற சின்ன மஞ்சள் விளக்குகள் போட்டால் யார் தூக்கமும் கலையாது. ஒரே லைட்டை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைக்கிற டூ-வே ஸ்விட்ச் ஒன்று கட்டிலில் படுத்தபடி எட்டும் இடத்தில் வேண்டும். அப்புறம் இன்வெர்ட்டர். பெரும்பாலான வீடுகளில் அது ஹால் ஃபேனுக்கும் டிவிக்கும் போயிருக்கும், பாத்ரூம் லைட்டுக்குப் போயிருக்காது. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் அப்பா எங்கே இருப்பார் என்று யோசித்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எல்லா வேலையிலும் இதற்குத்தான் செலவு குறைவு, இதை முதலில் முடியுங்கள்.

வாசல் ராம்ப் விஷயத்தில் உங்கள் மேஸ்திரியோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு. ஒரு அங்குலம் ஏற ஓரடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. உங்கள் வாசலில் மூன்று படி, படிக்கு ஆறு அங்குலம் என்றால் ஒன்றரை அடி உயரம், 18 அடி நீளத்துக்கு ராம்ப் வேண்டும். வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவில் அவ்வளவு இடம் இருக்கிறதா? இல்லாத இடத்தில் ஆறடியில் ராம்ப் போட்டுவிட்டுப் போவார்கள். நம் தெருக்களில் வாசலுக்கு வாசல் இருக்கிறதே, அது ஸ்கூட்டரை ஏற்றப் போட்ட சரிவு, அதில் வாக்கரோடு இறங்கினால் வாக்கர் முன்னால் ஓடும். இதில் இன்னொன்றும் உண்டு. வாக்கரில் நடப்பவருக்கும் முழங்கால் வலி உள்ளவருக்கும் சரிவில் இறங்குவதைவிட, பிடித்துக்கொண்டு தாழ்வான படியில் இறங்குவது பல சமயம் சுலபம். சக்கர நாற்காலிக்குத்தான் ராம்ப் கட்டாயம்.

அதனால் நான் சொல்வது: முன்வாசல் படிகளை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் கைப்பிடி போடுங்கள். ஒரு பக்கம் போதாது. ஏறும்போது அப்பாவின் வலது பக்கம் இருக்கும் கைப்பிடி இறங்கும்போது இடது பக்கம் போய்விடும். வீல்சேர் தேவைப்படும் நாள் வரலாம். அதற்காகப் பக்கவாட்டில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ராம்ப் வருகிற மாதிரி இடம் ஒதுக்கி வையுங்கள், திரும்பும் இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விடுங்கள். வீல்சேர் சுற்றித் திரும்ப அவ்வளவு வேண்டும்.

முன்வாசலில் ராம்ப் வேண்டாம் என்பதற்கு அம்மாவும் ஒரு காரணம். அவர் தினமும் காலையில் கோலம் போடும் இடம் அது. அந்த இடத்தில் சிமென்ட்டைக் கொட்டினால் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார், 'வீட்டு வாசல் ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடுச்சு' என்று பக்கத்து வீட்டில் சொல்வார். நிலைவாசலின் கீழ்ப்படிக்கும் இதுதான். கால் தடுக்கும், வெட்டி எடுத்துவிடலாம் என்று மேஸ்திரி சொல்வார். மஞ்சள் குங்குமம் வைக்கிற படியை வெட்ட அம்மா சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் வேண்டாம். இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சரிவுப் பலகை ஒன்று செய்து வைத்தால் வாக்கர் ஏறி இறங்கிவிடும். உள் அறைகளின் கீழ்ப்படிகளை மட்டும் தரையோடு சமமாக்குங்கள். கால்மிதிகளை எல்லாம் எடுத்துவிடுங்கள், இதில் சமரசமே வேண்டாம்.

மாடிப்படி. அம்மாவை மொட்டை மாடிக்குப் போகாதே என்று சொல்லியிருப்பீர்கள். போவார். துணியும் வடகமும் அங்கேதான் காயும். துணிக்குப் பின்பக்கம் கயிறும் கப்பியும் வைத்து ஏற்றி இறக்கும் கொடி கட்டிக் கொடுங்கள், பாதிப் பயணம் குறையும். மீதிப் பயணத்துக்குப் படிகளின் உயரத்தை ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். பழைய வீடுகளில் முதல் படியும் கடைசிப் படியும் மட்டும் வித்தியாசமாக இருக்கும், ஏனென்றால் படி கட்டிய பிறகு ஹாலிலும் மாடியிலும் தளம் உயர்ந்திருக்கும். கால் பழக்கத்தில் ஏறும், அரை அங்குலம் மாறினாலும் தடுக்கும். நீங்கள் இப்போது ஹாலில் பழைய தரைமேல் புது டைல்ஸ் ஒட்டினால் முதல் படி இன்னும் குட்டையாகிவிடும், கவனம்.

சமையலறையில் அதிகம் கைவைக்க வேண்டாம் என்பேன். 1926-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். சமைப்பவர் வைக்கும் ஒவ்வொரு எட்டையும் எண்ணி, நேரத்தை அளந்து செய்தது. சுமார் 10,000 வீடுகளில் அதைப் போட்டார்கள், இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுதான் பாட்டி. அதை வடிவமைத்த காலத்தில் தனக்குச் சமைத்தே பழக்கமில்லை என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆனால் சமைப்பவரைக் கவனிக்கத் தெரிந்திருந்தது அவருக்கு. உங்கள் அம்மா முப்பது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு புழங்கும் இடம் அது, பருப்பு டப்பா எங்கே என்பது கைக்குத் தெரியும். இடத்தை மாற்றாமல் மூன்றே வேலை செய்யுங்கள். லாஃப்டில் இருக்கும் பாத்திரங்களை இறக்கி, அவர் ஸ்டூல் ஏறும் தேவையை ஒழியுங்கள். மேடைக்குக் கீழே உள்ள கதவு அலமாரிகளை இழுப்பறையாக்குங்கள், குனிந்து தலையை உள்ளே விட்டுத் தேட வேண்டியிருக்காது. உட்கார்ந்து காய் நறுக்க ஒரு சின்ன மேசை போடுங்கள். கிரைண்டரை இடுப்பு உயரத்தில் நிரந்தரமாக வைத்துவிட்டால் தூக்கிவைக்கும் வேலையும் போகும்.

அப்பா பகலில் எங்கே இருக்கிறார் என்று எழுதவில்லை. கட்டிலில் என்றால், அந்தக் கட்டிலில் படுத்து மேலே பாருங்கள். ஃபேன், அதன் பக்கத்தில் கண்ணில் நேராக அடிக்கும் டியூப்லைட், இவ்வளவுதான் அவருக்கு நாள் முழுக்க. பின்லாந்தில் பாய்மியோ என்ற ஊரில் 1933-ல் திறந்த காசநோய் மருத்துவமனையை ஆல்வார் ஆல்டோ கட்டினார். படுத்தே கிடக்கும் நோயாளியை நினைத்து அறையை வரைந்தவர் அவர். கண் கூசாமல் கூரைக்கு அடர்ந்த பச்சை அடித்தார், விளக்கைப் படுத்திருப்பவரின் பார்வையில் படாமல் வைத்தார். ஒரே அறையில் இருவர் என்பதால், ஒருவர் கை கழுவும் சத்தம் மற்றவரை எழுப்பாதபடி தண்ணீர் சரிந்து விழும் கழுவு தொட்டிகூடச் செய்தார். உங்கள் வீட்டில் டியூப்லைட்டைத் தலைப்பக்கச் சுவருக்கு மாற்ற எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு மணி நேரம் ஆகும். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுங்கள், தெரு தெரியட்டும். அந்த மர நாற்காலிக்கும் வாசல் பக்கம் ஓரிடம் பாருங்கள், போகிற வருகிறவர்கள் 'என்ன சார், எப்படி இருக்கீங்க' என்று நின்று பேசுகிற தூரத்தில். இது செலவே இல்லாத வேலை, எஸ்டிமேட்டில் இடம் பிடிக்காததும் அதனால்தான்.

எல்லாவற்றையும் முடிவு செய்த பிறகும் உடனே இடிக்க வேண்டாம். கார் நிறுத்தும் இடத்தில் அம்மாவின் கோலமாவை எடுத்துப் புது பாத்ரூமை நிஜ அளவில் தரையில் வரையுங்கள். கதவு வருகிற இடத்தில் இரண்டு செங்கல், கமோடு இருக்கும் இடத்தில் அந்த மர நாற்காலி, கைப்பிடி வரும் பக்கம் நீங்கள் நில்லுங்கள். அப்பாவை வாக்கரோடு உள்ளே வரச் சொல்லுங்கள். திரும்பட்டும், உட்காரட்டும், உங்கள் தோளைப் பிடித்து எழட்டும். வாக்கர் கோட்டை மிதித்தால் அங்கே கோட்டை அழித்துத் தள்ளி வரையுங்கள். அம்மாவும் பக்கத்தில் நின்று ஏதாவது சொல்வார், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவு சரியாக வரும்வரை இரண்டு மூன்று தடவை அழித்துப் போட வேண்டியிருக்கும். மேஸ்திரியை அதற்கப்புறம் வரச் சொன்னால் போதும்.